ஆப்லெட் திறக்கவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலைப்பக்கத்துக்குள்ளேயே ஓடும்படி எழுதப்பட்ட சிறு ஜாவா நிரலுக்கு ஆப்லெட் என்று பெயர். 1995-இல் ஜாவாவோடு சேர்ந்தே வந்தது. இயற்பியல் செய்முறைகள், மூலக்கூறுகளைச் சுழற்றிப் பார்க்கும் படங்கள், சர்வர்களைத் தூரத்திலிருந்து இயக்கும் தொலைக் கன்சோல், நெட்வொர்க் ஸ்விட்சுகளின் நிர்வாகப் பக்கம், டிஜிட்டல் கையொப்பம் போடும் படிவம் என்று ஒரு காலத்தில் எங்கும் இருந்தது. இன்று யாரும் புதிதாக எழுதுவதில்லை. ஆனால் பழையவற்றில் மாட்டிக்கொண்டு திண்டாடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆப்லெட் வரவில்லை என்றதும் எல்லோரும் முதலில் செய்வது ஜாவாவை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆகாது. அது எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பாருங்கள்: பிரவுசரிலா, ஜாவாவின் பாதுகாப்புச் சோதனையிலா, சர்வரில் இருக்கும் கோப்பிலா. மூன்றும் மூன்று விதமாகத் தெரியும். கீழே உள்ள பதில்கள் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் போகின்றன.

ஜாவா நிறுவியிருக்கிறேன். ஆனாலும் குரோமில் ஆப்லெட் வரவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. ஏன்?

குரோமில் ஆப்லெட்டுக்கு இடமே இல்லை. எந்த ஜாவா நிறுவினாலும் இதே கதைதான்.

ஜாவா, பிரவுசருக்குள் வர என்பிஏபிஐ என்ற இணைப்பு முறையை நம்பியிருந்தது. அது நெட்ஸ்கேப் காலத்து ஏற்பாடு. குரோம் 42-ஆம் பதிப்பில், 2015 ஏப்ரலில், அதை இயல்பாக அணைத்து வைத்தார்கள். தேவைப்பட்டவர்கள் மறைவான ஓர் அமைப்பைத் தேடிப்பிடித்துத் திரும்பப் போட்டுக்கொள்ள முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 45-ஆம் பதிப்பில் அந்த அமைப்பும் போய்விட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் வந்த 52-ஆம் பதிப்போடு ஃபிளாஷைத் தவிர மற்ற பிளகின்களை, அதாவது பிரவுசரோடு ஒட்டி ஓடும் துணை நிரல்களை, கைவிட்டது. சஃபாரி 2018-இல் 12-ஆம் பதிப்பில் அதே வழியில் போனது. மைக்ரோசாஃப்ட் எட்ஜ் பிறந்ததிலிருந்தே பிளகின்களை ஏற்கவில்லை.

பக்கத்தில் "உங்கள் பிரவுசரில் ஜாவா இல்லை" என்பது போல ஒரு வாசகம் தெரிந்தால், அது ஜாவாவைச் சோதித்துப் பார்த்துச் சொல்லும் செய்தி என்று நினைக்க வேண்டாம். பக்கத்தை எழுதியவர் ஆப்லெட் குறிச்சொல்லுக்குள் வைத்த மாற்று வாசகம் அது. இன்றைய பிரவுசருக்கு அந்தக் குறிச்சொல் என்னவென்றே தெரியாது, அதனால் உள்ளே இருக்கும் எழுத்தை அப்படியே காட்டிவிடுகிறது. மாற்று வாசகம் எதுவும் எழுதாமல் விட்டிருந்தால் வெற்றிடம்தான் தெரியும்.

ஜாவாஸ்கிரிப்ட் ஆன் செய்துதான் இருக்கிறது. அது போதாதா?

போதாது. இரண்டும் வெவ்வேறு மொழிகள், பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. ஜாவாஸ்கிரிப்ட் அமைப்பை எப்படி மாற்றினாலும் ஆப்லெட்டுக்கு அதனால் பயனில்லை.

எல்லோருமாகச் சேர்ந்து ஏன் இப்படி மூடினார்கள்?

பாதுகாப்புதான் முக்கியக் காரணம். பிளகின் என்பது பிரவுசரின் காவலுக்கு வெளியே, உங்கள் கணினிக் கணக்கின் முழு உரிமையோடு ஓடும் நிரல். ஆப்லெட்டை அடக்கி வைக்க ஜாவா தன் பங்குக்கு ஒரு வேலி போட்டிருந்தது, ஆனால் அந்த வேலியில் ஓட்டைகள் வந்துகொண்டே இருந்தன. 2012-இல் ஃபிளாஷ்பேக் என்ற தீநிரல் ஜாவாவின் ஓர் ஓட்டை வழியாக 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மேக் கணினிகளுக்குள் புகுந்தது. 2013 ஜனவரியில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே பிரவுசரில் ஜாவாவை அணைத்து வையுங்கள் என்று மக்களுக்குச் சொல்லும் நிலை வந்தது.

இன்னொரு பக்கம் ஸ்மார்ட்போன்கள். அவற்றின் பிரவுசர்களில் ஆப்லெட் எப்போதுமே ஓடியதில்லை. பாதிப் பார்வையாளர்களுக்குத் தெரியாத ஒன்றை வைத்துப் பக்கம் எழுத யாருக்கும் மனம் வரவில்லை. மூடியது சரியான முடிவு என்பதுதான் என் எண்ணம். மாற்று வழி ஏற்பாடு செய்யாமல் அந்தரத்தில் விட்ட தளங்கள் மேல்தான் எனக்கு வருத்தம்.

செல்பேசியில், டேப்லெட்டில் ஏதாவது வழி உண்டா?

இல்லை. கணினிக்குப் போங்கள், அல்லது பிளகின் இல்லாமலே ஆப்லெட்டை ஓட்டும் சீர்ப்ஜே என்ற நிரலைப் (கீழே சொல்லியிருக்கிறேன்) பக்கத்தின் உரிமையாளர் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

சரி, இன்று எந்தப் பிரவுசரில்தான் ஓடும்?

விண்டோஸில் இருப்பவர்களுக்கு நேரான வழி, எட்ஜுக்குள் இருக்கும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பயன்முறை. எக்ஸ்புளோரர் 11-க்கான ஆதரவு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. ஆனால் அதன் எஞ்சினை எட்ஜுக்குள் வைத்திருக்கிறார்கள், குறைந்தது 2029 வரை வைத்திருப்போம் என்றும் மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. எக்ஸ்புளோரர் என்பிஏபிஐயை நம்பியதில்லை. அது ஆக்டிவ்எக்ஸ் என்ற மைக்ரோசாஃப்டின் சொந்த இணைப்பு முறை வழியாக ஜாவாவை அழைத்தது. அதனால்தான் மற்ற பிரவுசர்கள் கதவை மூடிய பிறகும் இங்கே மட்டும் ஒரு வழி மிச்சம் இருக்கிறது.

எட்ஜின் அமைப்புகளில் 'டிஃபால்ட் பிரவுசர்' பகுதிக்குப் போய், தளங்களை எக்ஸ்புளோரர் பயன்முறையில் மறுபடி ஏற்றுவதற்கு அனுமதி கொடுங்கள். எட்ஜை மூடித் திறந்தபின், அந்தப் பக்கத்தின் முகவரியைக் கீழே உள்ள பட்டியலில் சேருங்கள். பயன்முறை வேலை செய்தால் முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் பழைய எக்ஸ்புளோரரின் நீல எழுத்துச் சின்னம் தெரியும். அது தெரியாவிட்டால் ஜாவாவைச் சந்தேகிக்காதீர்கள், இன்னும் நீங்கள் எட்ஜின் சொந்த எஞ்சினில்தான் இருக்கிறீர்கள்.

பேல் மூன் என்ற பிரவுசர் இன்னும் என்பிஏபிஐ பிளகின்களை ஏற்கிறது. ஃபயர்ஃபாக்ஸின் 52-ஆம் நீண்ட ஆதரவுப் பதிப்பும் ஏற்கும், ஆனால் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018-லேயே நின்றுவிட்டன. உள்வலையில் இருக்கும் ஒரு சாதனத்தைத் திறக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம், அதிலேயே மின்னஞ்சலும் வங்கிக் கணக்கும் பார்க்கக் கூடாது.

எட்ஜில் ஒரு மாதம் நன்றாக ஓடியது. திடீரென்று நின்றுவிட்டது.

கேள்வியிலேயே விடை இருக்கிறது. கையால் சேர்த்த முகவரி அந்தப் பட்டியலில் 30 நாட்கள்தான் இருக்கும், அப்புறம் காலாவதியாகிவிடும். மறுபடி சேர்த்தால் மறுபடி 30 நாட்கள். அலுவலகம் என்றால், நிர்வாகியிடம் சொல்லி நிறுவனத் தளப் பட்டியலில் அந்த முகவரியைப் போடச் சொல்லுங்கள். அதற்குக் காலாவதி கிடையாது.

எந்த ஜாவாவை நிறுவ வேண்டும்? புதியது நல்லதுதானே?

இந்த விஷயத்தில் மட்டும் இல்லை. 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11-இலிருந்து பிரவுசர் பிளகின் எடுக்கப்பட்டுவிட்டது. 17, 21 என்று எதை நிறுவினாலும் ஆப்லெட் ஓடாது. உங்களுக்குத் தேவை ஆரக்கிள் வெளியிடும் ஜாவா 8.

ஆரக்கிள் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஓப்பன்ஜேடிகே என்ற, ஜாவாவின் திறமூல வடிவத்திலிருந்து மற்றவர்கள் தொகுத்துத் தரும் ஜாவா 8-களில், டெமுரின் போன்றவற்றில், பிளகின் கிடையாது. அந்தப் பகுதி ஓப்பன்ஜேடிகேயில் இடம்பெறவே இல்லை. கன்ட்ரோல் பேனலில் 'ஜாவா' என்ற சின்னம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இருந்தால் சரியான ஜாவா. வணிகப் பயன்பாட்டுக்கு 2019 ஏப்ரலிலிருந்து உரிம விதிகள் மாறியிருக்கின்றன, அலுவலகக் கணினியில் போடுமுன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 32 பிட், 64 பிட் சமாச்சாரம். பிரவுசர் எதுவோ ஜாவாவும் அதுவாக இருக்க வேண்டும். 64 பிட் விண்டோஸிலும் எக்ஸ்புளோரர் 11 தன் பக்கங்களை இயல்பாக 32 பிட்டில்தான் ஓட்டியது. "64 பிட் விண்டோஸ், 64 பிட் ஜாவா, பிறகு என்ன?" என்று கேட்பவர்களில் பலர் விழும் குழி இது. இரண்டையும் நிறுவிவிடுங்கள், ஒன்றோடொன்று மோதாது.

லினக்ஸில் பேல் மூனோ பழைய ஃபயர்ஃபாக்ஸோ வைத்திருந்தால், ஜாவா 8-இன் அடைவுக்குள் இருக்கும் 'லிப்என்பிஜேபி2' என்ற நூலகக் கோப்புக்கு உங்கள் பிளகின் அடைவிலிருந்து ஓர் இணைப்பு போட வேண்டும். கோப்பை நகலெடுத்துப் போடாதீர்கள். நகல், ஜாவாவின் மற்றக் கோப்புகளைத் தேடித் தெரியாமல் விழிக்கும்.

ஜாவா சின்னம் சுழன்றது, பிறகு "அப்ளிகேஷன் பிளாக்ட் பை ஜாவா செக்யூரிட்டி" என்று ஒரு பெட்டி வந்தது.

நல்ல செய்தி. பிரவுசர் தாண்டியாகிவிட்டது, இப்போது ஜாவாதான் தடுக்கிறது. அந்தப் பெட்டியில் சின்ன எழுத்தில் காரணம் இருக்கும். 'சரி' பொத்தானை அழுத்துமுன் அதைப் படியுங்கள்.

2014 ஜனவரியில் வந்த ஜாவா 7 அப்டேட் 51 விதிகளை இறுக்கியது. எழுதியவர் யார் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத ஆப்லெட், தனக்குத் தானே கையொப்பம் போட்டுக்கொண்ட ஆப்லெட் இரண்டும் அன்றிலிருந்து இயல்பாகத் தடைபடுகின்றன. ஆப்லெட்டின் கோப்புகளைக் கட்டி வைத்த பொட்டலம்தான் ஜார் கோப்பு; அதன் விவரக் குறிப்பான மேனிஃபெஸ்டில் 'பெர்மிஷன்ஸ்' என்ற வரி இல்லாவிட்டாலும் தடைதான். அதற்கு முன்னால் எழுதப்பட்ட ஆப்லெட்களில் பெரும்பாலானவற்றில் அந்த வரி இருக்காது, ஏனென்றால் அன்றைக்கு அதை யாரும் கேட்கவில்லை.

நிரலை எழுதியவர் நீங்களானால், வேலிக்குள் ஓடினால் போதும் என்பதற்கு 'சேண்ட்பாக்ஸ்', முழு உரிமை வேண்டும் என்பதற்கு 'ஆல்-பெர்மிஷன்ஸ்', இரண்டில் ஒன்றை மேனிஃபெஸ்டில் எழுதி மறுபடி கையொப்பமிடுங்கள். வெறும் பயனர் என்றால் உங்கள் கையில் இருப்பது விதிவிலக்குத் தளப் பட்டியல். கன்ட்ரோல் பேனலில் ஜாவாவைத் திறந்து, செக்யூரிட்டி தாவலில் 'எடிட் சைட் லிஸ்ட்' பொத்தானை அழுத்தி முகவரியைச் சேர்க்கலாம். அதே தாவலில் பிரவுசரில் ஜாவாவை இயக்கும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள். அது இல்லாமல் மற்ற எதுவும் உதவாது.

பழைய வழிகாட்டிகளில் "பாதுகாப்பு அளவை மீடியத்துக்கு இறக்குங்கள்" என்று இருக்கும். ஜாவா 8 அப்டேட் 20-லிருந்து மீடியம் என்ற அளவே இல்லை. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பட்டியலில் சேர்த்தாகிவிட்டது. இன்னும் தடுக்கிறது.

முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். முன்னால் எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்பது இருக்க வேண்டும், இரண்டும் தனித்தனி முகவரிகளாகவே கருதப்படும். தளம் வழக்கமில்லாத போர்ட்டில் ஓடினால், உதாரணமாக 8443 என்றால், அந்த எண்ணும் வேண்டும். நட்சத்திரக் குறி போட்டு எல்லாத் துணைத்தளங்களையும் வளைத்துப் பிடிக்க முடியாது. ஓர் அடைவு முழுவதையும் அனுமதிக்க, முகவரியின் கடைசியில் சாய்கோடு போட வேண்டும்.

பக்கம் ஒரு முகவரியிலும் ஜார் கோப்பு வேறொரு முகவரியிலும் இருப்பதுண்டு. அப்போது இரண்டையும் சேருங்கள். எல்லாம் முடிந்ததும் பிரவுசரை முழுவதாக மூடித் திறக்க வேண்டும், தாவலைப் புதுப்பித்தால் போதாது.

நேற்று வரை ஓடியது. நான் எதையுமே தொடவில்லை.

நீங்கள் தொடவில்லை, தேதி நகர்ந்திருக்கிறது. அல்லது ஜாவா தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது.

கையொப்பச் சான்றிதழுக்கு ஆயுள் உண்டு. கையொப்பமிடும்போது நேர முத்திரையும் சேர்த்துப் போட்டிருந்தால், சான்றிதழ் முடிந்த பிறகும் "செல்லுபடியாக இருந்த காலத்தில் போட்டது" என்று ஜாவா ஏற்றுக்கொள்ளும். முத்திரை இல்லாவிட்டால் ஆயுள் முடிந்த மறுநாளே தடை. ஜாவாவின் மேம்பாட்டுத் தொகுப்போடு வரும் ஜார்சைனர் கருவியின் சரிபார்க்கும் தெரிவைக் கொண்டு எப்படிப்பட்ட கையொப்பம் என்று பார்த்துக்கொள்ளலாம்.

கையொப்பத்தின் முறையே பழசாகிப் போவதும் உண்டு. 2017 ஏப்ரலில் வந்த ஜாவா 8 அப்டேட் 131-லிருந்து, எம்டி5 என்ற பழைய முறையில் கையொப்பமிட்ட ஜார் கோப்பைக் கையொப்பமே இல்லாதது போல ஜாவா நடத்துகிறது. "நாங்கள் கையொப்பமிட்டுத்தானே கொடுத்தோம்" என்று எழுதியவர் சத்தியம் செய்வார், அவர் சொல்வதும் உண்மைதான். செக்யூரிட்டி அடைவில் உள்ள 'ஜாவா டாட் செக்யூரிட்டி' கோப்பைத் திருத்தி இதைத் தளர்த்தலாம். ஆனால் அன்றாடம் இணையத்தில் உலவும் கணினியில் அதைச் செய்யக் கூடாது. தளர்த்தினால் அந்த ஓர் ஆப்லெட்டுக்கு மட்டும் தளராது.

ஜாவா 7 அப்டேட் 10-லிருந்து ஒவ்வொரு பதிப்புக்குள்ளும் ஒரு காலாவதித் தேதி இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. இணையத்தோடு தொடர்பே இல்லாத கணினியிலும், அந்தத் தேதி கடந்ததும் "இந்த ஜாவா பழசு" என்று எச்சரிக்கத் தொடங்கும்.

சாம்பல் நிறப் பெட்டி, நடுவில் "எரர். கிளிக் ஃபார் டீடெயில்ஸ்". கிளிக் செய்தால் புரியாத வரிகளாகக் கொட்டுகிறது.

அந்தப் புரியாத வரிகள்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே நேர்மையான சாட்சி. ஜாவா கன்சோலைத் திறந்து வைத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். கன்ட்ரோல் பேனலில் ஜாவா, அதில் அட்வான்ஸ்டு தாவல், அதில் 'ஷோ கன்சோல்'. அடுத்த முறை ஆப்லெட் பக்கம் திறக்கும்போது கன்சோல் தனிச் சாளரமாக வரும்.

அதில் எச் விசையை அழுத்தினால் விசைகளின் பட்டியல் வரும். 5-ஐ அழுத்தினால் விவரம் உச்சத்துக்குப் போகும்: எந்தக் கோப்பை எந்த முகவரியிலிருந்து கேட்டது, என்ன பதில் வந்தது எல்லாம் தெரியும். அப்புறம் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள்.

ஐம்பது வரிகள் கொட்டினால் பயப்பட வேண்டாம். 'காஸ்ட் பை' என்று தொடங்கும் வரிகளில் கடைசியாக வருவதைப் பாருங்கள், பெரும்பாலும் நிஜக் காரணம் அங்கேதான் இருக்கும். யாரிடமாவது உதவி கேட்பதானால், திரையைப் படமெடுத்து அனுப்பாமல், கன்சோலின் எழுத்தை முழுவதுமாக நகலெடுத்து அனுப்புங்கள்.

கன்சோலில் "கிளாஸ்நாட்ஃபவுண்ட்எக்செப்ஷன்" என்று வருகிறது.

ஜாவா கேட்ட கிளாஸ் கோப்பு, அதாவது தொகுத்த நிரல் இருக்கும் கோப்பு, கேட்ட இடத்தில் கிடைக்கவில்லை. எங்கே கேட்டது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆப்லெட் குறிச்சொல்லில் மூன்று பண்புகள் முக்கியம். 'கோட்' கிளாஸின் பெயர். 'ஆர்க்கைவ்' ஜார் கோப்பின் பெயர். 'கோட்பேஸ்' அவை இருக்கும் அடைவு. கோட்பேஸ் எழுதாவிட்டால் பக்கம் இருக்கும் அடைவிலேயே தேடும். பக்கத்தை மட்டும் வேறு அடைவுக்கு மாற்றிவிட்டு ஜார் கோப்பை மறந்து பழைய இடத்திலேயே விடுவது மிகச் சாதாரணமாக நடக்கும்.

கிளாஸ் ஒரு பொதிக்குள் (பேக்கேஜ்) இருந்தால், கோட் பண்பில் பொதியின் முழுப்பெயரும் வேண்டும், கோட்பேஸ் அந்தப் பொதி தொடங்கும் அடைவுக்கு மேலே நிற்க வேண்டும். பொதியின் உள்ளடைவையே கோட்பேஸாகக் கொடுத்துவிட்டால் ஜாவா அதற்குள் மறுபடி பொதியைத் தேடும், கிடைக்காது.

அப்புறம் எழுத்தின் அளவு. விண்டோஸ் கணினியில் எழுதிச் சோதித்தபோது சிறிய எழுத்தா பெரிய எழுத்தா என்று அது கண்டுகொள்ளாது. லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் 'கிளாக்' கிளாஸின் முதல் எழுத்து பெரியதா சிறியதா என்பது வேறு வேறு கோப்பாகிவிடும். "என் கணினியில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை" என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

"இன்கம்பாட்டிபிள் மேஜிக் வேல்யூ 1008813135" என்று ஓர் எண் வருகிறது. அது என்ன எண்?

எனக்கு மிகவும் பிடித்த பிழைச்செய்தி இது. பார்க்க மந்திரம் போலத்தான் இருக்கும், ஆனால் காரணத்தை அச்சடித்துக் கொடுக்கிறது.

ஒவ்வொரு கிளாஸ் கோப்பும் ஒரே நான்கு பைட்டுகளோடு தொடங்க வேண்டும். பதினாறடிமான எண்ணாக எழுதினால் அவை 'கஃபே பேப்' என்று படிக்க வரும், ஜாவாவை உருவாக்கியவர்களின் குறும்பு. ஜாவா ஒரு கோப்பைக் கேட்டு வாங்கியதும் முதலில் அந்த நான்கு பைட்டுகளைத்தான் பார்க்கிறது. வேறு ஏதாவது இருந்தால், இருந்ததை ஓர் எண்ணாக்கிப் பிழையில் சொல்லிவிடுகிறது.

1008813135 என்பதை நான்கு பைட்டுகளாகப் பிரித்தால் 60, 33, 68, 79 வரும். எழுத்தாகப் பார்த்தால் கோணக் குறி, ஆச்சரியக் குறி, டி, ஓ. எச்டிஎம்எல் பக்கத்தின் முதல் வரியான 'டாக்டைப்' அறிவிப்பின் தொடக்கம்! அதாவது ஜாவா கிளாஸ் கோப்பைக் கேட்டது, சர்வர் ஒரு வலைப்பக்கத்தைக் கொடுத்துவிட்டது. 1013478509 என்று வந்தாலும் அதே கதை, அந்தப் பக்கம் டாக்டைப் இல்லாமல் நேரே எச்டிஎம்எல் குறிச்சொல்லோடு சிறிய எழுத்தில் தொடங்குகிறது, அவ்வளவுதான்.

என்ன பக்கத்தைக் கொடுத்திருக்கும்? ஒன்று, "நீங்கள் தேடிய பக்கம் இல்லை" என்ற அலங்காரப் பக்கம். சில சர்வர்கள் இல்லாத கோப்புக்கு 404 சொல்லாமல், எல்லாம் சரி என்ற 200-ஐச் சொல்லி இந்தப் பக்கத்தை அனுப்பும். அதை நம்பி ஜாவா ஏமாறுகிறது. இரண்டு, புகுபதிகைப் பக்கம். நீங்கள் பிரவுசரில் உள்நுழைந்திருப்பீர்கள், ஆனால் ஜார் கோப்பைக் கேட்பது ஜாவா. உங்கள் அமர்வுக் குக்கீ அந்தக் கோரிக்கையோடு போகாவிட்டால், சர்வருக்கு அது யாரோ ஒரு வெளியாள். கன்சோலில் தெரியும் முகவரியை நகலெடுத்து, எங்கும் உள்நுழையாத தனி உலாவல் சாளரத்தில் ஒட்டிப் பாருங்கள். ஜாவாவுக்கு என்ன கிடைத்தது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

"அன்சப்போர்ட்டட்கிளாஸ்வெர்ஷன்எரர்"?

புதிய ஜாவாவில் தொகுத்த கிளாஸைப் பழைய ஜாவாவில் ஓட்டுகிறீர்கள். பிழையோடு வரும் எண்ணைப் பாருங்கள்: 50 என்றால் ஜாவா 6, 51 என்றால் 7, 52 என்றால் 8, 55 என்றால் 11. பிளகின் உள்ள கடைசி நீண்டகாலப் பதிப்பு 8 என்பதால், 52-க்கு மேல் எண் வந்தால் நிரலை எழுதியவர்தான் ஜாவா 8-க்கு ஏற்பத் தொகுத்துத் தர வேண்டும்.

பிழையே வரவில்லை. சுற்றிக்கொண்டே இருக்கிறது.

முதலில் எல்லாச் சாளரங்களையும் சுருக்கிப் பாருங்கள். "இந்த நிரலை ஓட்டலாமா?" என்று ஜாவா கேட்கும் பெட்டி சில நேரம் பிரவுசருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். நீங்கள் ஆப்லெட்டுக்காகவும், ஆப்லெட் உங்களுக்காகவும் காத்திருப்பீர்கள்.

அது இல்லையென்றால் நெட்வொர்க். ஜாவாவுக்குத் தனியாக ப்ராக்ஸி அமைப்பு, அதாவது இணையத்துக்குப் போகும் இடைச் சர்வரைச் சொல்லும் அமைப்பு, உண்டு. பக்கம் பிரவுசர் வழியாக வந்துவிடும், ஜார் கோப்பு ஜாவாவின் ப்ராக்ஸியில் மாட்டிக்கொள்ளும். ஜாவா கன்ட்ரோல் பேனலின் ஜெனரல் தாவலில் 'நெட்வொர்க் செட்டிங்ஸ்' போய் பிரவுசரின் அமைப்பையே பயன்படுத்தும்படி வையுங்கள்.

மூன்றாவது, டிஎல்எஸ், அதாவது எச்டிடிபிஎஸ் இணைப்பைப் பாதுகாக்கும் முறை. கன்சோலில் 'ஹேண்ட்ஷேக்' என்ற சொல் தென்பட்டால் இதுதான். இது இரண்டு பக்கமும் உடையும். ஜாவா 7 தன் இயல்பில் டிஎல்எஸ் 1.2-ஐ முன்வைக்காது, இன்றைய சர்வர்கள் அதற்குக் குறைந்ததை ஏற்காது. மறுபுறம், 2021 ஏப்ரலில் வந்த ஜாவா 8 அப்டேட் 291 டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் அணைத்துவிட்டது, பழைய சாதனங்களுக்கோ அதற்கு மேல் தெரியாது. முதல் சிக்கலுக்கு ஜாவா 8 போதும். இரண்டாவதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

பத்து வருடப் பழைய சர்வரின் தொலைக் கன்சோல். ஆப்லெட்டைத் தவிர வேறு வழி இல்லை. என்ன செய்வது?

சாதனத்தின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளை, புதுப்பிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். பல தயாரிப்பாளர்கள் பிற்பாடு ஜாவா தேவைப்படாத எச்டிஎம்எல்5 கன்சோலைக் கொடுத்தார்கள். ஒரு மணி நேர வேலையில் தலைவலி ஒழியும்.

முடியாவிட்டால் ஒரு மெய்நிகர் கணினியை இதற்கென்றே ஒதுக்குங்கள். அதில் பழைய விண்டோஸ் அல்லது லினக்ஸ், பழைய பிரவுசர், பழைய ஜாவா 8. தளர்த்த வேண்டியதையெல்லாம் அங்கேயே தளர்த்துங்கள். அந்தச் சாதனம் இருக்கும் உள்வலையைத் தவிர வேறெங்கும் அது போகாதபடி இணையத்தைத் துண்டித்து வையுங்கள். எல்லாம் ஓடும் நிலையில் ஒரு நகல் எடுத்துவிட்டால், அடுத்த முறை நட்டநடு இரவில் சர்வர் படுத்துவிட்டால் இந்த வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்காது.

பொத்தானை அழுத்தினால் ஜேஎன்எல்பி கோப்பு ஒன்று தரவிறங்குகிறது என்றால் உங்கள் பாடு இன்னும் எளிது. அது பிரவுசருக்கு வெளியே ஓடுவது. ஓப்பன்வெப்ஸ்டார்ட் என்ற திறமூல நிரலை நிறுவி அதில் திறக்கலாம்.

ஜார் கோப்பைப் புதுப்பித்தேன். பழையதே ஓடுகிறது.

ஜாவாவுக்குத் தனிச் சேமிப்பு உண்டு, பிரவுசரின் கேஷை அழித்தால் அது போகாது. ஜாவா கன்ட்ரோல் பேனலின் ஜெனரல் தாவலில் தற்காலிகக் கோப்புகளை அழியுங்கள். சோதனை செய்துகொண்டிருக்கும்போது கன்சோலில் எக்ஸ் விசையை அழுத்தினால் நினைவில் இருக்கும் கிளாஸ்களும் போகும்.

வட்டில் இருக்கும் எச்டிஎம்எல் கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்கிறேன். வரவில்லை.

வட்டிலிருந்து நேராகத் திறப்பதை ஜாவாவின் புதிய விதிகள் சந்தேகத்தோடு பார்க்கின்றன. உங்கள் கணினியிலேயே ஒரு சிறு வலைச் சர்வரை ஓட்டி, லோக்கல்ஹோஸ்ட் முகவரியில் திறந்து, அந்த முகவரியை விதிவிலக்குப் பட்டியலில் சேர்ப்பது நல்லது.

பழைய பிரவுசரே வேண்டாம். ஜார் கோப்பு மட்டும் கையில் இருக்கிறது. ஓட்டிப் பார்க்க முடியுமா?

முடியும். ஜாவா 8-இன் மேம்பாட்டுத் தொகுப்பில் ஆப்லெட்வியூவர் என்று ஒரு கருவி உண்டு. ஜாவா 11-இல் அதை எடுத்துவிட்டார்கள், அதனால் 8-ஐயே எடுங்கள். ஜார் கோப்பு இருக்கும் அடைவில் ஆப்லெட் குறிச்சொல் மட்டும் உள்ள ஒரு சிறு எச்டிஎம்எல் கோப்பை எழுதுங்கள்: கோட், ஆர்க்கைவ், அகலம், உயரம். ஆப்லெட்வியூவருக்கு அந்தக் கோப்பைக் கொடுத்தால் தனிச் சாளரத்தில் ஓடும். அகலம், உயரம் விட்டுவிட்டால் ஓடாது. கிளாஸின் பெயர் தெரியாவிட்டால் ஜார் கோப்பை ஜிப் கோப்பு போலவே பிரித்துப் பார்க்கலாம், இரண்டும் ஒரே வடிவம்தான்.

இங்கேயும் வேலி உண்டு. ஆப்லெட் தான் வந்த சர்வரோடு மட்டுமே பேசலாம் என்பது விதி. வட்டிலிருந்து ஓட்டும்போது வந்த சர்வர் என்று ஒன்று இல்லாததால், தரவு எடுக்கப் போகும் ஆப்லெட் அங்கேயே முடங்கும். பாலிசி கோப்பில் அந்தச் சர்வரின் பெயருக்கு மட்டும் அனுமதி எழுதிக் கொடுக்கலாம்.

இன்னொரு வழி சீர்ப்ஜே. ஜாவா இயந்திரத்தையே வெப்அசெம்ப்ளியில் பிரவுசருக்குள் ஓட்டுகிறது. கணினியில் ஜாவா வேண்டாம், பிளகின் வேண்டாம். பக்கத்தின் உரிமையாளர் ஒரு ஸ்கிரிப்டைச் சேர்த்தால் எல்லோருக்கும் ஓடும்; பயனர்களுக்குக் குரோம் நீட்டிப்பாகவும் இருக்கிறது. வரைபடம், விளையாட்டு, கணக்குப் போடும் ஆப்லெட்களுக்கு அருமை. நேரடி சாக்கெட் இணைப்பு கேட்பவை, கணினியின் சொந்த நூலகங்களை அழைப்பவை அதில் சுலபமாக நடக்காது. ஸ்மார்ட் கார்டில் கையொப்பம் போடும் ஆப்லெட்களுக்கு இதை நம்ப வேண்டாம்.

பாடத்துக்காகப் பயன்படுத்திய இயற்பியல், வேதியியல் ஆப்லெட்கள்?

பலவற்றுக்குப் புதிய வடிவம் வந்துவிட்டது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் செய்முறைகளில் பெரும்பகுதி எச்டிஎம்எல்5-க்கு மாறிவிட்டது, மாறாமல் இருக்கும் ஜாவாச் செய்முறைகள் சிலவற்றைச் சீர்ப்ஜே வழியாக ஓடவைத்திருக்கிறார்கள். ஜியோஜீப்ரா முழுவதும் பிரவுசரிலேயே ஓடுகிறது. மூலக்கூறுகளைக் காட்டும் ஜேமோலுக்குப் பதிலாக ஜேஎஸ்மோல் இருக்கிறது. பழைய ஆப்லெட்டோடு மல்லுக்கட்டுமுன் பெயரைப் போட்டு ஒருமுறை தேடிப் பாருங்கள்.

ஃபிளாஷ் பக்கங்களுக்கும் இதேதானா?

அது வேறு பிளகின். 2020 டிசம்பர் 31-ஓடு ஆதரவு முடிந்தது, 2021 ஜனவரி 12-லிருந்து பிளேயரே உள்ளடக்கத்தைத் தடுக்கிறது. ரஃபிள் என்ற மாற்று நிரலில் பல பழைய கோப்புகள் ஓடுகின்றன.

ஆப்லெட்டின் மூலநிரல் என்னிடம் இருக்கிறது. எப்படிக் காப்பாற்றுவது?

தனி நிரலாக மாற்றிவிடுங்கள், அதிகம் வேலையில்லை. ஜேஆப்லெட் என்பதும் ஒரு திரைக்கூறுதான். ஜேஃப்ரேம் ஒன்றை உருவாக்கி, ஆப்லெட்டின் உள்ளடக்கத்தை அதில் வைத்து, இனிட், ஸ்டார்ட் இரண்டையும் நீங்களே அழைக்க ஒரு மெயின் எழுதினால் பெரும்பாலானவை எழுந்து நிற்கும்.

எழாதவை விழும் இடங்கள் தெரிந்தவைதான். கெட்பாராமீட்டர், கெட்கோட்பேஸ், ஷோடாக்குமென்ட் மூன்றும் பிரவுசர் இருப்பதாக நினைத்து எழுதப்பட்டவை, தனியாக ஓட்டினால் நல்பாயிண்டர் பிழையில் விழும். பாராமீட்டர்களைக் கட்டளை வரியிலிருந்தோ ஓர் அமைப்புக் கோப்பிலிருந்தோ வாங்குங்கள். படங்களையும் ஒலிகளையும் ஜாருக்குள்ளேயே வைத்து கெட்ரிசோர்ஸ் மூலம் எடுங்கள்.

மெயின் எழுதியதோடு நிறுத்திவிடாமல், ஜேஆப்லெட்டிலிருந்து பெறுவதையும் ஜேபேனலிலிருந்து பெறுவதாக மாற்றிவிடுங்கள். ஆப்லெட் வகுப்புகள் ஜாவா 9-இல் கைவிடத்தக்கவை என்றும், 17-இல் நீக்கப்படப்போகிறவை என்றும் குறிக்கப்பட்டன. 26-இல் நீக்கியே விட்டார்கள். அந்தப் பெயர் நிரலில் ஓரிடத்தில் மிச்சமிருந்தாலும் புதிய ஜாவாவில் தொகுக்காது.